ஜேன் ஆஸ்டின் அம்மையாரும் ஆல்டன் நகரத்துப் பாங்கியும்

ஆங்கில இலக்கியம் பயில்வோருள் ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் பெயரை அறியாதார் இலர். நாட்டுப்புறத்துக் கனவான்களின் இல்லங்களும், விருந்தும் நடனமும், பெண்களின் திருமணக் கவலைகளுமே அவருடைய நாவல்களுக்குப் பொருள். ஆதலின் அவர் வாழ்க்கையும் புயல் காணாத குளம்போல் அமைதியாய்க் கழிந்திருக்கும் என்று பலர் எண்ணுவர். யாமும் மாணவப் பருவத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவருடைய கடைசி இரண்டு ஆண்டுகளை ஒரு சிறு நகரத்துப் பாங்கியின் வீழ்ச்சி சூழ்ந்து நின்றது என்பதைப் பின்னரே அறிந்தோம். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அம்மையார் 1775-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16-ஆம் நாள் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் ஸ்டீவென்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் ஆஸ்டின் அவ்வூர்த் திருச்சபையின் குருவானவர். மக்கள் எண்மர், அவருள் ஆண்கள் அறுவர், பெண்கள் இருவர். அக்குடும்பத்திற்கும் நம் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. தந்தையாரின் தமக்கையான பிலடெல்பியா என்பவர் 1752-இல் கப்பலேறிச் சென்னை வந்து, அடுத்த ஆண்டு கடலூரில் கம்பெனியாரின் வைத்தியராயிருந்த ஹான்காக்கு என்பவரை மணந்தார். அவர்கட்குக் கல்கத்தாவில் பிறந்த மகள் எலைஸா, பிற்காலத்தில் ஜேன் அம்மையாரின் தமையனாரான ஹென்றியை மணந்தார். அந்த ஹென்றி ஆஸ்டினே இவ்வரலாற்றில் பாங்கி நடத்தியவர்.

1805-இல் தந்தையார் காலமானார். குருவானவரின் வருவாய் அவரோடு முடிந்தது. தாயாரும் மணமாகாத பெண்கள் இருவரும் ஆண்மக்களின் கையை எதிர்நோக்க வேண்டியவராயினர். ஜேம்ஸும் ஹென்றியும் பிரான்சிஸும் ஆண்டுதோறும் 50 பவுன் வீதம் கொடுக்க இசைந்தனர். செல்வரொருவருக்குச் சுவீகாரம் போயிருந்த எட்வர்டு இதனினும் மிகுதியாகக் கொடுத்தார். 1809-இல் சாட்டன் என்னும் ஊரில் தமக்குரிய வீடொன்றையும் தாயாருக்கு அளித்தார். அவ்வீட்டிலிருந்து ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளது ஆல்டன் என்னும் சந்தை நகரம். அம்மையார் கடைக்கும் தபாலுக்கும் நடந்துசென்ற நகரம் அதுவே. ஹென்றியின் பாங்கிகளுள் ஒன்றும் அந்நகரத்திலேயே இருந்தது.

ஹென்றி உடன்பிறந்தாருள் முகமலர்ச்சியும் பேச்சுவன்மையும் மிக்கவர். ஆக்ஸ்போர்டில் கற்று, ஜில்லாப் பட்டாளத்தில் சேர்ந்து, சம்பளம் பட்டுவாடா செய்யும் உத்தியோகம் பார்த்தார். 1801-இல் அதனை விட்டு, இலண்டனில் பட்டாளங்களின் பணவிவகாரங்களைக் கவனிக்கும் ஏஜெண்டாகவும் பாங்கியராகவும் தொழில் தொடங்கினார். ஆல்டன், பீட்டர்ஸ்பீல்டு, ஹைத் ஆகிய ஊர்களிலும் உள்ளூர்க் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு பாங்கிகள் வைத்தார். ஆல்டன் பாங்கி ஆஸ்டின், கிரே, வின்சென்டு என்ற பெயர்களால் நடைபெற்றது.

அக்காலத்து நாட்டுப்புறப் பாங்கி எத்தகையது என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். அது தானே நோட்டுக்களை அச்சிட்டு வழங்கும். கொண்டுவருவோர்க்குக் கேட்டபொழுதே பணம் தருவதாக வாக்களித்துக் கூட்டாளி ஒருவர் கையெழுத்திடுவார். குடியானவரும் கடைக்காரரும் அந்நோட்டுக்களை நம்பி வாங்குவர். மிச்சம் பிடித்ததை டிபாசிட்டாகவும் வைப்பர். பாங்கியோ அப்பணத்தை விளைச்சலை எதிர்நோக்கும் நிலக்காரர்க்கும், மரியாதைக்குரிய பெரிய மனிதர்க்கும் கடனாகக் கொடுத்துவிடும். கேட்டவுடன் கொடுக்கவேண்டிய கடன் ஒருபுறமும், கேட்டாலும் உடனே வாராத கடன் மற்றொருபுறமுமாக அதன் பேரேடு நிற்கும். அன்றியும், ஆறு பேருக்கு மேற்பட்டோர் கூட்டாகச் சேர்ந்து நோட்டு வழங்கும் பாங்கி நடத்தலாகாது என்று சட்டம் தடுத்திருந்தது. ஆதலின் பாங்கிகளெல்லாம் சிறியன, முதலோ குறைவு, பொறுப்போ கூட்டாளியின் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான் வரையிலும் சென்று பற்றுவது.

1813-இல் ஹென்றி ஆக்ஸ்போர்டு ஜில்லாவின் தலைமை வரிவசூல் அதிகாரியானார். வசூலான தொகை சர்க்கார் கஜானாவுக்குப் போய்ச் சேரும் வரையில் சிறிது காலம் அவ்வதிகாரியின் கையில் தங்கும். அக்காலத்தில் அதை வட்டியின்றித் தம் தொழிலில் புரட்டிக்கொள்வது வழக்கம். பாங்கியருக்கு இவ்வுத்தியோகம் வாய்த்தால் பால் சுரக்கும் பசுவே வாய்த்ததுபோலாம். ஆயினும் சர்க்கார் ஜாமீன் கேட்டது. எட்வர்டு 20,000 பவுனுக்கும், தாய்மாமனான லீ பெரட்டு என்பவர் 10,000 பவுனுக்கும் கையெழுத்திட்டனர். பசு கட்டப்பட்டிருந்த கயிறு உறவினர் கழுத்திலும் மாட்டியிருந்ததை அப்பொழுது எவரும் பொருட்படுத்தவில்லை.

இவ்வாண்டுகளே அம்மையாரின் நூல்கள் வெளிவந்த ஆண்டுகள். பெண்ணொருத்தி தானே பதிப்பாளரோடு பேரம் பேசுதல் வழக்கமில்லாத அக்காலத்தில், ஹென்றியே தங்கைக்காக நின்று பேசினார். 1811-இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த முதல் நாவலால் 140 பவுன் இலாபம் கிடைத்தது. 1813-இல் வந்த 'பிரைடு அண்டு பிரெஜுடிஸ்' 110 பவுனுக்குப் பதிப்பாளரிடம் முற்றாக விற்கப்பட்டது. அதன் பெரும்புகழால் வந்த ஆதாயமெல்லாம் பதிப்பாளருக்கே போயிற்று. அம்மையார் தம் வாழ்நாள் முழுவதும் எழுதிச் சம்பாதித்தது எழுநூறு பவுனை எட்டவில்லை. அதில் 600 பவுனை அவர் கப்பற்படைக்கான ஐந்து சதவீதச் சர்க்கார் கடன் பத்திரங்களில் இட்டுவைத்தார். தமையனாரிடம் பேரன்பு பூண்டிருந்தும் சேமிப்பின் பெரும்பகுதியை அவர் பாங்கியில் வைக்காமை நன்மையாய் முடிந்தது.

1815-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வாட்டர்லூப் போர் முடிந்தது. நாடெங்கும் மகிழ்ச்சி ஆரவாரம். ஆனால் சமாதானம் வந்ததும் பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. பட்டாளத்து ஏஜெண்டுக்குத் தொழில் குன்றியது. போர்க்காலத்தில் ஏறியிருந்த தானிய விலை சரிந்தது. நிலக்காரர் கடனைத் திருப்ப இயலாதவராயினர். பெரிய மனிதர்க்கு ஹென்றி கொடுத்திருந்த கடனும் வசூலாகவில்லை; பிரபுவான மாய்ரா என்பவரிடம் பல ஆயிரம் பவுன் முடங்கிக் கிடந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஹென்றி கடுநோயுற்றார். 'எம்மா' என்னும் நாவலின் அச்சுவேலைக்காக இலண்டன் சென்றிருந்த அம்மையார், அச்சுத்தாள்களைத் திருத்திக்கொண்டே தமையனாரின் படுக்கையருகில் இருந்து பணிவிடை செய்தார். நோய் நீங்கியது, பாங்கிகளின் நோயோ நீங்கவில்லை.

அவ்வாண்டின் முடிவில் ஆல்டன் பாங்கி கதவடைத்தது. நாட்டுப்புறப் பாங்கிகள் பலவும் அக்காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்றின் நோட்டையும் எவரும் நம்பார். 1816-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 15-ஆம் நாள் இலண்டன் பாங்கியும் வீழ்ந்தது, ஹென்றி திவாலானார். நம்மவர் வழக்கில் மஞ்சட்கடுதாசி என்பர். அந்நாட்டில் அதற்கு முறையான விசாரணை உண்டு. திவால் விசாரணைக்கென்று கமிஷனர்கள் நியமிக்கப்படுவர். கடன் கொடுத்தவர்கள் அவர்கள்முன் தத்தம் கடனை மெய்ப்பிக்க வேண்டும். அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர் கடனாளியின் உடைமை முழுவதையும் கைக்கொண்டு, விற்று, வந்ததை விகிதப்படி பங்கிடுவர். கடனாளி ஒன்றும் மறைக்காது ஒப்படைத்தால், எஞ்சிய கடனிலிருந்து அவரை விடுவிக்கும் சான்றிதழ் கிடைக்கும். ஹென்றியின் இலண்டன் வீடும் அதிலிருந்தவையும் இவ்வாறே போயின.

எட்வர்டு 20,000 பவுனையும் மாமனார் 10,000 பவுனையும் சர்க்காருக்குச் செலுத்த நேர்ந்தது. ஜேம்ஸும் பிரான்சிஸும் சார்லஸும் பாங்கியில் வைத்திருந்ததை இழந்தனர். சார்லஸோ அதற்குச் சிறிது முன்னரே தம் கப்பல் உடைந்து துன்புற்றிருந்தார். அம்மையாரின் கணக்கில் இருந்த 13 பவுனும் சில ஷில்லிங்கும் போயின. தொகை சிறிது, எனினும் ஹென்றியும் பிரான்சிஸும் தாயாருக்கு ஆண்டுதோறும் அளித்துவந்த பணம் நின்றது. சாட்டன் வீட்டுப் பெண்களின் வருவாய் சுருங்கிற்று. அம்மையாரின் எழுதுகோல் ஈட்டும் சிறுபொருளே அவ்வீட்டிற்கு இன்றியமையாததாயிற்று.

இந்நிலையில் ஒரு சோதனை வந்தது. இளவரசரின் நூல்நிலையத் தலைவரான கிளார்க்கு என்பவர், கோபர்க்கு அரசகுடும்பத்தின் பெருமையைப் பொருளாகக் கொண்டு ஒரு சரித்திர நாவல் எழுதுமாறு அம்மையாரைத் தூண்டினார். எழுதினால் அரச ஆதரவும் கைநிறையப் பணமும் வரக்கூடும். பாங்கி வீழ்ந்து மூன்று வாரம்கூட நிரம்பவில்லை. அம்மையார் ஏப்ரல் முதல் நாள் பணிவாக விடை எழுதினார்: அத்தகைய நூல் ஊதியம் தருமாயினும் தம் இயல்புக்கு ஒத்ததன்று, தம் வழியை விட்டு மற்றொன்றில் புகுந்தால் தோல்வியே அடைவோம் என்பது அவ்விடையின் கருத்து. பணமுடை மிக்க வேளையில் இவ்வாறு எழுதுவதற்கு எத்துணை மனத்திண்மை வேண்டும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்ப்பாராக.

அவர் தம் வழியிலேயே உழைத்தார். 'பர்ஸுவேஷன்' என்னும் நாவலை அவ்வாண்டு ஆகஸ்டில் முடித்தார். வருவாய்க்கு மிஞ்சிச் செலவிட்டுப் பரம்பரை மாளிகையை வாடகைக்கு விடும் பிரபு ஒருவரும், கணவனின் கடனால் வறுமையுற்ற கைம்பெண் ஒருவரும் அதில் வருகின்றனர். வேறொரு நாவலை 1803-இல் பதிப்பாளர் ஒருவர் 10 பவுனுக்கு வாங்கி அச்சிடாமலே வைத்திருந்தார். அத்தொகையையே கொடுத்து ஹென்றி அதனை மீட்டுக் கொணர்ந்தார். திவாலான தமையனாரிடமே அம்மையார் அக்காரியத்தை ஒப்புவித்தார் என்பதை யாம் பெரிதாகக் கருதுகின்றோம். அவர் அன்பு ஐந்தொகை பார்த்துக் குறையவில்லை.

ஹென்றியும் சோர்ந்து கிடக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் திருப்பணிக்கு அபிஷேகம் பெற்றுச் சாட்டன் ஊரிலேயே உதவிக் குருவானார். தாம் பணத்தை இழக்கச் செய்த உறவினரின் முன்னிலையிலும், பாங்கி மூடப்பட்ட நகரத்தின் அண்மையிலும் பிரசங்க மேடை ஏறுதல் எளிய செயலன்று.

அம்மையாரின் உடல்நலமோ 1816 முதலே சீர்கெட்டு வந்தது. 1817 ஜனவரியில் புதிய நாவலொன்றைத் தொடங்கினார். 'ஸாண்டிட்டன்' என்று பின்னர்ப் பெயர் பெற்ற அந்நூல், கடற்கரைச் சிற்றூரைப் பெருநகராக்கிச் செல்வம் திரட்டக் கனவு காண்போரைப் பற்றியது. பன்னிரண்டு அத்தியாயம் எழுதி மார்ச்சு 18-ஆம் நாள் நிறுத்தினார். பத்து நாளில் செல்வரான மாமனார் இறந்தார்; அவர் உயில் உடைமை முழுவதையும் மனைவியாரின் ஆயுள்வரையில் அவர்க்கே வைத்தது. சாட்டன் குடும்பம் எதிர்நோக்கியிருந்த உதவி வரவில்லை. அவ்வதிர்ச்சியால் அம்மையாரின் நோய் முற்றியது.

ஏப்ரல் 27-ஆம் நாள் அவர் தம் உயிலை எழுதினார். உடைமையெல்லாம் தமக்கையார் கஸ்ஸாண்டிராவுக்கு; 50 பவுன் ஹென்றிக்கு; மற்றொரு 50 பவுன் ஹென்றியின் வீட்டில் நெடுநாள் ஊழியம் செய்த பிரெஞ்சு மூதாட்டியான பிஜியோன் அம்மைக்கு. அம்மூதாட்டி தன் சேமிப்பைப் பாங்கியில் இழந்திருக்கலாம் என்றும், அதனை ஈடுசெய்யவே இதனை வைத்தார் என்றும் அறிஞர் பலர் கருதுவர். காரணம் உயிலில் எழுதப்படவில்லை. சட்டப்படி அம்மையார் பாங்கியின் கூட்டாளியல்லர். ஒரு காசும் கொடுக்கக் கடமைப்பட்டவருமல்லர்.

மே மாதத்தில் வைத்தியத்தின்பொருட்டு அவரை வின்செஸ்டருக்குக் கொண்டுசென்றனர். மழையில் வண்டியருகே குதிரையேறி உடன் சென்றவருள் ஹென்றியும் ஒருவர். ஜூலை 18-ஆம் நாள் தம் நாற்பத்தொன்றாம் வயதில் அம்மையார் காலமானார். அவ்வாண்டின் முடிவில், எஞ்சியிருந்த இரு நாவல்களையும் வெளியிட்டு, ஆசிரியர் இன்னார் என்று உலகறிய எழுதியவரும் ஹென்றியே. பாங்கியராய்த் தோற்றவர் தங்கையின் புகழுக்கு முதல் அறங்காவலரானார்.

ஆறு கூட்டாளி என்ற வரம்பை 1826-இல் சட்டம் இலண்டனுக்குத் தொலைவான ஊர்களில் நீக்கிற்று. சிறு பாங்கிகள் மெல்ல மறைந்தன. ஆல்டன் பாங்கியின் நோட்டு செல்லாக் காகிதமாயிற்று. இருநூறு ஆண்டு கழிந்து, 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்து பாங்கியார் வெளியிட்ட புதிய 10 பவுன் நோட்டில் ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் உருவம் பொறிக்கப்பட்டது. முன்னொரு நாள் அவருடைய நாவலொன்றுக்குப் பதிப்பாளர் இட்ட விலையும் அப்பத்துப் பவுனே.

மாணவ அன்பர்காள்! உங்களுட் பலர் நாளை பிறர் பணத்தைக் கையாளும் உத்தியோகங்களில் அமர்வீர்கள். பேரேட்டின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு பிஜியோன் அம்மை நிற்கின்றாள் என்பதை மறவாதிருப்பீர்களாக. கெட்டுப்போன உறவினர் ஒருவர் உங்கள் வாயிலில் வந்து நிற்குங்காலத்து, சாட்டன் வீட்டின் கதவு ஹென்றிக்கு அடைக்கப்படவில்லை என்பதையும் நினைவு கூர்வீர்களாக.