இருட்டில் பறவையை அறிந்த பாதிரியார்

1788-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி. இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற சிற்றூர். பொழுது சாய்ந்து இருட்டிவிட்டது.

வானத்தில் ஒரு சத்தம். சின்னதாக, வேகமாக, விட்டு விட்டுக் கேட்டது. ஏதோ பறவைகள் ஊருக்கு மேலே பறந்து போகின்றன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அது என்ன பறவை என்று ஒருவருக்குத் தெரியும். அவர் 67 வயதுப் பாதிரியார். பெயர் கில்பர்ட் ஒயிட்.

இவர் 1720-ல் அதே ஊரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சொந்த ஊரில் தலைமைப் பாதிரியாராகும் வாய்ப்பும் இல்லை. அந்தப் பதவியைக் கொடுக்கும் உரிமை வேறு ஒரு கல்லூரியிடம் இருந்தது. ஒயிட் படித்த கல்லூரி வேறு! உதவிப் பாதிரியாராகவே காலம் தள்ளினார்.

மூன்று குருவிகள்

அந்த ஊரில் சின்னஞ்சிறு பச்சைக் குருவிகள் உண்டு. எல்லாம் ஒரே இனம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஒயிட் காது கொடுத்துக் கேட்டார். ஒன்று இரண்டே சுரத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. இன்னொன்று இனிமையாக இழுத்துப் பாடியது. மூன்றாவது, உயர்ந்த மரத்தின் உச்சியில் இருந்துகொண்டு வெட்டுக்கிளி போலச் சிர்ரென்று ஒலித்தது. பிறகு பறவைகளைக் கையில் எடுத்து ஒப்பிட்டார். மூன்றும் வெவ்வேறு இனம் என்று 1768-ல் எழுதினார். அது உண்மை என்று பின்னால் உலகமே ஒப்புக்கொண்டது.

அப்படிப்பட்டவருக்குக் காதிலேயே கோளாறு வந்தது! 1774-ல் அடிக்கடி காது அடைத்துக்கொண்டது. பறவைகள் பாடும் மே மாதம்கூட அவருக்கு ஊமையாகக் கழிந்தது. தம் வேலையில் பாதி போய்விட்டதாக அவர் வருந்தினார். ஆனால் குறிப்பு எழுதுவதை நிறுத்தவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தடுமாறினார். குளிர் காலத்தில் தகைவிலான் குருவிகள் எங்கே போகின்றன? ஜிப்ரால்டரில் இருந்த தம்பி ஜான், அவை கடல் தாண்டிப் போவதைப் பார்த்து எழுதினார். அப்படியும் சில குருவிகள் ஊரிலேயே ஒளிந்து தூங்கலாம் என்ற சந்தேகம் அண்ணனை விடவில்லை. ஆட்களை வைத்துப் புதர்களையும் பொந்துகளையும் தேடச் செய்தார். ஒன்றும் அகப்படவில்லை.

இரவுக் குரல்

அன்று இருட்டில் போனவை நம் ஊர்ப் பொட்டல் காட்டில் இரவில் கத்தும் கண்கிலேடிக்கு நெருங்கிய உறவு. பெரிய மஞ்சள் கண், நீண்ட கால். கோடைக்கு வரும் பறவைகளில் இவையே முதலில் திரும்புகின்றன என்று ஒயிட் குறித்து வைத்தார். இருட்டில் ஒன்றை ஒன்று பிரிந்து வழி தவறாமல் இருக்கவே அந்தக் குரல் என்றும் எழுதினார்.

எவ்வளவு சரியான ஊகம்! இரவில் வலசை போகும் பல பறவைகள் இப்படித்தான் குரல் கொடுத்துத் தொடர்பு வைத்துக்கொள்கின்றன. இன்று கூரை மேல் மைக் வைத்து இரவு முழுவதும் அந்தக் குரல்களைப் பதிவு செய்கிறார்கள். கம்ப்யூட்டர் அவற்றைக் கோடுகளாக வரைந்து காட்டுகிறது. கோட்டின் வடிவத்தைப் பார்த்துப் பறவையின் பெயரைச் சொல்கிறார்கள். ஒயிட்டிடம் இருந்ததோ, அடிக்கடி அடைத்துக்கொள்ளும் இரண்டு காதுகள்தான்.

செல்போர்ன் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1789-ல் வெளிவந்தது. இன்றும் அச்சாகிறது. 1793 ஜூன் 26-ந் தேதி ஒயிட் காலமானார். செல்போர்ன் கல்லறையில் சிறிய கல் ஒன்று இருக்கிறது. அதில் முழுப் பெயர் இல்லை. ஜி. டபிள்யூ. என்ற இரண்டு எழுத்தும், இறந்த தேதியும் மட்டும் இருக்கின்றன.