பனியில் துயின்ற உயிரணு: ஸ்பல்லன்சானியின் வாழ்வும் பணியும்

கருவைத் தந்தவள் ஒரு தாய்; சுமந்து பெற்றவள் மற்றொரு தாய்; கரு உருவான ஆண்டு ஒன்று, குட்டி மண்ணில் விழுந்த ஆண்டு வேறொன்று! கேட்பதற்குப் புராணக் கதை போலத் தோன்றுகிறதல்லவா? ஆயினும் குதிரை வளர்ப்பில் இஃது இன்று கைகூடிய உண்மை. இந்த விந்தைக்கு முதல் வித்திட்டவர்களுள் ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த இத்தாலியப் பாதிரியார் லாசரோ ஸ்பல்லன்சானி.

வட இத்தாலியில் ஸ்காண்டியானோ என்னும் சிற்றூரில் 1729-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். மகனும் சட்டம் பயிலப் பொலோனியாப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே பௌதிகம் கற்பித்து வந்த உறவினர் லாரா பாஸி என்னும் அறிஞர் பெருமாட்டி, இளைஞரின் உள்ளத்தை இயற்கையின் பக்கம் திருப்பினார். சட்டப் படிப்பைக் கைவிட்ட ஸ்பல்லன்சானி, குருப்பட்டம் பெற்றார். ரெஜியோவிலும் மொடேனாவிலும் ஆசிரியரானார். 1769 முதல் பாவியாப் பல்கலைக்கழகத்தில் இயற்கை வரலாற்றுப் பேராசிரியராக விளங்கினார்.

கண்ணால் கண்டதையே நம்புவேன் என்பது அவர் கொள்கை. உயிரற்ற சாற்றிலிருந்து நுண்ணுயிர்கள் தாமே தோன்றும் என்று ஆங்கிலேயரான நீதம் கூறிவந்த காலம் அது. குடுவையின் வாயை உருக்கி மூடி, உள்ளிருந்த சாற்றை நெடுநேரம் கொதிக்க வைத்தார் ஸ்பல்லன்சானி. அதில் உயிர் எதுவும் தோன்றவில்லை. உயிரிலிருந்தே உயிர் என்ற உண்மைக்கு 1765-இல் வெளிவந்த அவர் ஆய்வு அரண் செய்தது.

அடுத்து, உயிர் எவ்வாறு உருவாகிறது என்ற வினா அவரை ஆட்கொண்டது. மனிதன், குதிரை முதலிய பல உயிர்களின் விந்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆராய்ந்தார். பனியில் குளிர்வித்தபோது, துடித்து நீந்திய விந்தணுக்கள் அசைவற்று நின்றன. இறந்துவிட்டனவோ? இல்லை, வெப்பம் பட்டதும் மீண்டும் நீந்தத் தொடங்கின! 1776-இல் அவர் வெளியிட்ட இச்செய்தி சிறியதுதான். ஆனால் குளிர், உயிரைக் கொல்லாமல் உறங்கவும் வைக்கும் என்ற பேருண்மை அதற்குள் அடங்கியிருந்தது. 1780-இல், உடற்சூட்டுக்கு இதமாக்கிய பீச்சுக்குழல் கொண்டு ஒரு பெண் நாய்க்குச் செயற்கை முறையில் விந்தைச் செலுத்தினார். அறுபத்திரண்டு நாட்கள் கழிந்ததும் அது மூன்று குட்டிகளை ஈன்றது.

இத்துணைப் பெரிய அறிஞரும் ஓரிடத்தில் இடறினார். தவளையின் விந்தை வடிதாளில் வடித்தார். வடிந்த நீர் கருவூட்டும் ஆற்றலை இழந்தது. தாளில் தங்கியதோ கருவூட்டியது. அத்தாளில் தங்கியவை விந்தணுக்களே! எனினும், உயிர் முழுமையாக முட்டைக்குள்ளேயே முன்னமே அமைந்திருக்கிறது என்ற பழைய நம்பிக்கை அவர் கண்ணை மறைத்தது. விந்தணுக்களை வெறும் ஒட்டுண்ணிப் புழுக்கள் என்றே கருதினார். 1824-இல் பிரெவோ, தூமா என்னும் இருவர் அதே வழியில் ஆய்ந்து, கருவூட்டுவது விந்தணுவே என்று உணர்த்தினர்.

பழியும் அவரை விடவில்லை. 1785-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சென்றிருந்தபோது, அருங்காட்சியகப் பொருள்களைத் திருடினார் என்று உடன் பணியாற்றியவர்கள் சிலரே குற்றம் சாட்டினர். விசாரணை நடந்தது, குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. தளர்ச்சியின்றி எரிமலைகளையும் வௌவால்களையும் ஆராய்ந்தார். 1799 பிப்ரவரியில் பாவியாவிலேயே உயிர் நீத்தார்.

அவர் பனியில் கண்ட உண்மை முழுப்பயன் தர நெடுங்காலம் ஆயிற்று. கடுங்குளிரில் உயிரணுவின் நீர் பனி ஊசிகளாகி அதனைக் கிழித்துவிடும். கிளிசரால் சேர்த்தால் அக்கேடு தணியும் என்று 1949-இல் இங்கிலாந்தில் கண்டறிந்தனர். 1957-இல் கனடாவில், உறையவைத்த விந்தினால் குதிரைக்குட்டி பிறந்த செய்தி வெளிவந்தது. குதிரைக் கருவையே உறையவைத்துக் குட்டி பெற்ற செய்தியை 1982-இல் ஜப்பானிய அறிஞர்கள் வெளியிட்டனர்.

இது எளிய செயலன்று. கருவுற்று ஏறத்தாழ ஏழாம் நாளில், தாய்க்குதிரையின் கருப்பையைக் கழுவிக் கருவை எடுக்கின்றனர். அதைச் சுற்றிலும் உறை ஒன்று படர்ந்திருப்பதால் காப்பு மருந்து எளிதில் உட்புகாது. கரு வளர வளர உள்ளே நீரும் பெருகும். ஆகவே 0.3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சிறு கருவே உறைய ஏற்றது. பெரிதாயின், நுண்ணூசியால் துளையிட்டு நீரை உறிஞ்சிய பின்னரே உறையவைப்பர். பின்பு அது மைனஸ் 196 பாகையில் திரவ நைட்ரஜனில் துயிலும். வேண்டும்போது உருக்கி, பருவம் ஒத்த வேறொரு குதிரையின் கருப்பையில் வைப்பர். ஓடி உழைக்கும் நல்ல குதிரை, ஓட்டத்தை நிறுத்தாமலே தாயாகலாம். மாண்ட பின்னும் அதன் குலம் தழைக்கலாம்.

மாணவ நண்பர்களே! ஸ்பல்லன்சானியிடம் நாம் கற்க வேண்டுவன இரண்டு. கைப்பிடிப் பனியும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் இருந்தால்கூடப் புதிய உண்மையைக் காணலாம் என்பது ஒன்று. காண்பது மட்டும் போதாது, கண்டது நம் கருத்துக்கு மாறாயினும் அதனை ஏற்கும் துணிவு வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதை அவர் வெற்றி கற்பிக்கிறது. பின்னதை அவர் பிழை கற்பிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நுழையும் நாம் இரண்டையும் நெஞ்சில் நிறுத்துவோமாக!