விருதுநகர் இல்லம்

பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரையில் வாழும் மாணவர் பலரும் மணிமுத்தாற்று அணையைக் கண்டிருப்பர். மேற்கு மலையிற் பிறந்து பொருநையிற் கலக்கும் மணிமுத்தாறு, முன்னாளில் மழைக்காலத்தே பெருகி வந்து வீணே கடலைச் சேர்ந்தது. அவ்வெள்ளத்தைத் தேக்குதற்கென எழுந்தது இவ்வணை. 1958-ஆம் ஆண்டில் நிறைவுற்ற இதில் 118 அடி வரை நீர் தேங்கும். நாங்குநேரி, சாத்தான்குளம் முதலிய பகுதிகளில் வானம் பார்த்துக் கிடந்த நிலங்கள் இதனால் நீர் பெற்றன. இவ்வணை எழுந்த காலத்தில் சென்னை மாநில முதலமைச்சராக விளங்கியவர் காமராசர். பின்னர் இந்தியக் காங்கிரசுப் பேரவைக்கே தலைவரானவரும் அவரே.

அப்பெருந்தலைவர் வளர்ந்த வீடு விருதுநகரில் உள்ளது. நெல்லையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதையில் கோவிற்பட்டியையும் சாத்தூரையும் கடந்தால் விருதுநகரை அடையலாம். விருதுபட்டி என்பது அவ்வூரின் பழம்பெயர். காமராசர் பிறந்த நாளில் அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. ஆதலின் அவரை நெல்லைச் சீமையின் மைந்தர் என்று சொல்வதும் பொருந்தும்.

அவ்வீடு இன்று அரசின் நினைவு இல்லமாக உள்ளது. அதனைக் காணக் கட்டணம் இல்லை. பெருந்தலைவர் ஒருவரின் வீடு என்றவுடன் மாடங்களையும் கூடங்களையும் எண்ணிச் செல்பவர் வியப்படைவர். கடைத்தெருவை அடுத்த சிறிய தெருவில், பிற வீடுகளோடு ஒட்டி நிற்கும் எளிய வீடு அது. சுவர்களில் அவர்தம் வாழ்க்கையைக் காட்டும் படங்கள் உள்ளன. சிறிது நேரத்தில் முழுவதையும் பார்த்து முடித்துவிடலாம். ஒன்பதாண்டுக் காலம் முதலமைச்சராக இருந்தவரின் வீடு ஏன் இவ்வளவு சிறியதாயிற்று? இவ்வினாவிற்கு விடை அவர்தம் வரலாற்றில் உள்ளது.

காமராசர் 1903-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் குமாரசாமி, அன்னையார் சிவகாமி அம்மையார். நாகம்மாள் என்னும் தங்கை ஒருவரும் உண்டு. காமராசர் சிறுவராய் இருந்தபோதே தந்தையார் மறைந்தார். குடும்பம் வறுமையுற்றது. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, அவர் தம் மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். கடையில் இருந்தபோதும் அவர் உள்ளம் நாட்டு விடுதலையையே நாடியது. விரைவில் காங்கிரசில் சேர்ந்து முழுநேரத் தொண்டரானார். திருமணம் வேண்டாவென மறுத்துவிட்டார்.

1930-ஆம் ஆண்டு வேதாரணியத்தில் நடைபெற்ற உப்பு அறப்போரில் கலந்துகொண்டு, வங்க நாட்டு அலிப்பூர்ச் சிறைக்குச் சென்றார். அதன் பின்னரும் பலமுறை சிறைப்பட்டார். அவர் சிறையிற் கழித்த காலம் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆகும். அக்காலமெல்லாம் அன்னையார் அச்சிறு வீட்டிலேயே மகனை எதிர்நோக்கி வாழ்ந்தார்.

1941-ஆம் ஆண்டில் காமராசர் வேலூர்ச் சிறையில் இருந்தபோது, விருதுநகர் மக்கள் அவரை நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். விடுதலை பெற்று வந்த அவர் அப்பதவியைத் துறந்தார். முழுதும் கவனித்துச் செய்ய இயலாத பதவியை வைத்திருத்தல் முறையன்று என்பது அவர் கருத்து. பதவி என்பது பணி செய்வதற்கென மக்கள் தருவது. பணி செய்ய இயலாதபோது அதனைத் திருப்பித் தருவதே கடமை. இக்கொள்கை அவர் வாழ்நாள் முழுவதும் மாறவில்லை.

1954-ஆம் ஆண்டு அவர் முதலமைச்சரானார். தாம் இழந்த கல்வியை ஏழைச் சிறுவர் இழத்தல் ஆகாது என்பதே அவர்தம் பெருங்கவலை. சேரன்மாதேவிப் பக்கத்தில் இருப்புப்பாதைக் கதவு அடைபட்டு அவர் காத்திருந்தபோது, மாடு மேய்த்த சிறுவரைக் கண்டு, அவர்கள் பள்ளிக்குச் செல்லாமைக்குப் பசியே காரணம் என உணர்ந்தார் என்று நம் நாட்டார் இன்றும் கூறுவர். 1956-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊரார் உவந்தளித்த பொருளும் அரசின் பொருளும் சேர்ந்து பசித்த பிள்ளைகட்குச் சோறாயின. சிற்றூர்தோறும் பள்ளிகள் பெருகின.

மகன் முதலமைச்சரான பின்னரும் அன்னையார் விருதுநகரிலேயே வாழ்ந்தார். மாதந்தோறும் மகன் அனுப்பிய சிறுதொகையே அவர்க்கு ஆதரவு. நகராட்சி அதிகாரிகள் அவ்வீட்டிற்குத் தனியே குடிநீர்க் குழாய் அமைத்ததையும், அதனை அறிந்த காமராசர் அகற்றச் செய்ததையும் அவ்வூரார் சொல்வதுண்டு. இதனைக் கேட்கும்போது நம் மனம் சற்று வருந்தும். முதிய அன்னைக்கு இச்சிறு நலமும் கூடாதா என்று எண்ணத் தோன்றும். மகனுக்கும் அஃது எளிய செயலாக இருந்திராது. ஆயினும் தெருவார்க்கு இல்லாத நலம் தம் வீட்டிற்கு வருதல் தகாது எனக் கருதினார். அவர் நேர்மைக்குரிய விலையில் ஒரு பங்கை அவ்வீட்டில் இருந்த அன்னையாரும் செலுத்தினார். மகனைப் போற்றும் நாம் அவ்வன்னையையும் மறத்தல் ஆகாது.

1963-ஆம் ஆண்டு, மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என ஒரு திட்டம் வகுத்து, தாமே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். 1964-ஆம் ஆண்டு புவனேசுவரத்திற் கூடிய பேரவையில் காங்கிரசுத் தலைவரானார். அவ்வாண்டில் நேருவும், 1966-ஆம் ஆண்டில் லால்பகதூர் சாத்திரியும் மறைந்தபோது, அடுத்த தலைமையமைச்சரைத் தேர்வதில் அவர் பெரும்பங்கு கொண்டார். தாம் அப்பதவியை நாடவில்லை.

1967-ஆம் ஆண்டுத் தேர்தலில், பிறந்த ஊராகிய விருதுநகரிலேயே அவர் தோல்வியுற்றார். வென்றவர் இளைஞர் ஒருவர். தோல்வியை மக்கள் தீர்ப்பென ஏற்றுத் தம் பணியைத் தொடர்ந்தார். 1969-ஆம் ஆண்டு நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். 1975-ஆம் ஆண்டு, காந்தியடிகள் பிறந்த நாளாகிய அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், சென்னையில் தாம் வாடகைக்கு வாழ்ந்த வீட்டில் உயிர் நீத்தார். மறுவாண்டு பாரதரத்தினம் என்னும் விருது அவர்க்கு அளிக்கப்பெற்றது.

மாணவர்களே, விருதுநகர் வீடு சிறிதாயிருப்பதன் காரணம் இப்போது விளங்கும். பதவியால் வந்த எதையும் அவர் தம் வீட்டிற்குள் கொண்டு செல்லவில்லை. அவர் செய்தவை மணிமுத்தாற்றங்கால் பாயும் வயல்களிலும், சிற்றூர்ப் பள்ளிகளிலும், அங்கே உணவுண்டு படித்து உயர்ந்தோர் வாழ்விலும் உள்ளன. வடக்கே செல்லும் வாய்ப்பு நேரும்போது விருதுநகரில் இறங்கி அவ்வில்லத்தைக் காண்க. படங்களைப் பார்ப்பதோடு அமையாது, அங்கே காத்திருந்த அன்னையையும் நினைக.