கேட்கத் தெரிந்த மனிதர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

அறிவுரை கூறுவது நம் நாட்டில் மிக மலிவான தருமம். கேட்டவருக்கும் வழங்குவோம், கேளாதவருக்கும் வழங்குவோம். ஆனால் பிறர் சொல்வதை முழுவதும் காதுகொடுத்துக் கேட்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிக் கேட்பதையே ஓர் அறிவியலாக ஆக்கிக் காட்டியவர் அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ். அவர்தம் வாழ்வைச் சுருக்கமாகக் கூற விழைகின்றேன். விலங்கியல் பயில்பவனுக்கு உளவியலில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவலாம். காரணத்தை இறுதியில் சொல்கின்றேன்.

ரோஜர்ஸ் 1902 ஜனவரி 8ஆம் நாள் சிகாகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில், ஆறு குழந்தைகளுள் நான்காமவராகப் பிறந்தார். தந்தை பொறியாளர். சமயக் கட்டுப்பாடு மிகுந்த குடும்பம். மது, சீட்டாட்டம், நடனம், நாடகம் எதற்கும் அவ்வீட்டில் இடமில்லை. அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளைப் புழுப் பருவத்திலிருந்தே வளர்த்துக் கவனித்தார். தந்தை வாங்கி வைத்திருந்த வேளாண்மை நூல்களைப் படித்து, ஒரு சோதனையை எப்படி நடத்துவது, முடிவை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்று கற்றார். மனித மனத்தை ஆராய்ந்தவருக்கு முதல் ஆசான் ஒரு பூச்சி என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி!

1919இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயிலச் சேர்ந்தார். பின்னர்ச் சமயப் பணியில் நாட்டம் ஏற்பட்டு, வரலாற்றுப் பாடத்திற்கு மாறினார். 1922இல் பீக்கிங் நகரில் நடந்த கிறித்துவ மாணவர் மாநாட்டிற்குச் சென்று பல மாதங்கள் கீழை நாடுகளில் தங்கினார். நேர்மையான மனிதர்கள் வெவ்வேறு நம்பிக்கைகளோடு வாழ்வதைக் கண்டபோது, பெற்றோர் வகுத்த பாதையிலிருந்து அவர் சிந்தனை விலகியது. 1924இல் பட்டம் பெற்றார். ஹெலன் என்பவரை மணந்து, நியூயார்க் நகரில் சமயக் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டாண்டுகளுக்குப்பின் அதையும் விட்டுக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் உளவியல் பயின்று, 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ராச்செஸ்டர் நகரில், வறுமையிலும் குற்றத்திலும் சிக்கிய சிறுவர்களுக்காகப் பணியாற்றினார். அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சி அவர் வாழ்வையே திருப்பியது. அடங்காத ஒரு சிறுவனின் தாய் அவரிடம் வந்தார். மகனைத் தாய் வெறுத்ததே எல்லாவற்றிற்கும் காரணம் என ரோஜர்ஸ் முடிவு செய்து, அதை அவருக்கு உணர்த்தப் பல முறை முயன்றார். பயனில்லை. இருவரும் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகுலுக்கிப் பிரிந்தனர். கதவுவரை சென்ற அத்தாய் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று வினவினார். மீண்டும் அமர்ந்து, தம் இல்லற வாழ்வின் துயரத்தையெல்லாம் கொட்டினார். ரோஜர்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். காலப்போக்கில் தாயின் வாழ்வும் சீரடைந்தது, மகனும் திருந்தினான். எங்கே வலிக்கிறது என்பது வலிப்பவருக்கே தெரியும் என்ற பாடத்தை அவர் அன்று கற்றார்.

1940இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1942இல் வெளிவந்த அவரது நூல் ஆலோசனைத் துறையில் புதுவழி வகுத்தது. நாடி வருபவரை நோயாளி என்றழைக்கும் வழக்கத்தை அவர் விடுத்தார். நம் ஊரில் வக்கீலிடம் செல்பவரை நோயாளி என்பதில்லை, கட்சிக்காரர் என்கிறோம். வழக்கு அவருடையது, முடிவும் அவருடையதே. ரோஜர்ஸ் எடுத்தாண்ட சொல்லும் அத்தகையதே. ஆலோசனை உரையாடல்களை ஒலித்தட்டில் பதிவுசெய்து, வரிக்குவரி ஆராயும் முறையையும் அவர் வளர்த்தார். மூடிய அறைக்குள் நடந்தது ஆய்வுக்கூடத்திற்கு வந்தது.

1945 முதல் சிகாகோ பல்கலைக்கழக ஆலோசனை மையத்தை நடத்தினார். நாடி வருவோர் யாவரும் ஒரே வகையினர் அல்லர். குழந்தை தானாக வருவதில்லை, அழைத்து வரப்படுகிறது. அதற்கு முதலில் அச்சம் தீர வேண்டும். மாணவன் பாடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி வீட்டைப் பற்றிப் பேசி முடிப்பான். போர்முனையிலிருந்து திரும்பிய வீரனுக்கோ பழைய வாழ்வே அந்நியமாகிவிட்டது. தேவைகள் வேறுபட்டாலும், எல்லோருக்கும் பொதுவாகத் தேவைப்படுபவை மூன்று என்பது அவர் கண்ட முடிவு. ஆலோசகரிடம் போலித்தனம் கூடாது. வந்தவரை நிபந்தனையின்றி மதிக்க வேண்டும். அவர் கண்கொண்டே அவர் உலகைக் காண வேண்டும். இக்கொள்கையை 1957இல் விரிவாக வெளியிட்டார்.

அவர் தோல்வியே காணாதவர் அல்லர். சிகாகோவில், கடுமையாக மனம் குலைந்த ஒரு பெண்ணுக்கு உதவ முயன்று, தாமே நிலைகுலைந்தார். மனைவியுடன் ஊரைவிட்டே சில மாதங்கள் விலகியிருந்து, திரும்பிவந்தபின் தம் சக ஆலோசகரிடமே ஆலோசனை பெற்றார். 1957இல் விஸ்கான்சின் திரும்பி, மனச்சிதைவு நோயாளிகளிடையே தம் முறையைச் சோதித்தார். அவர்கள் உதவி நாடி வந்தவர்கள் அல்லர்; பலர் பேசவே மறுத்தனர். எதிர்பார்த்த அளவு வெற்றி கிட்டவில்லை. அதையும் அவர் மறைக்கவில்லை.

பிற்காலத்தில் கலிபோர்னியாவில் வாழ்ந்து, வட அயர்லாந்தின் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகளையும், தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர், கறுப்பர்களையும் ஒன்றாக அமர்த்தி, ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கச் செய்தார். 1987 பிப்ரவரி 4ஆம் நாள், தம் 85ஆம் வயதில் மறைந்தார்.

இனி என் காரணத்தைக் கூறுகின்றேன். எங்கள் தெருவில் கல்லூரிக்கு வந்தவர் சிலரே. எங்கள் வீட்டில் நானே முதல்வன். ஆகவே படிவம் நிரப்பவும் மனு எழுதவும் பலர் என்னிடம் வருவர். சென்ற ஆண்டு ஒரு மூதாட்டி முதியோர் உதவித்தொகைப் புத்தகத்துடன் வந்தார். அவர் வாய் திறக்குமுன் எந்த அலுவலகம், எந்தச் சான்று என்று மளமளவென்று சொல்லி அனுப்பினேன். மறுநாளும் அதே புத்தகத்தோடு வந்தார். மீண்டும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் வந்தபோது எனக்கே வெட்கமாயிற்று. பேனாவை மூடிவிட்டுக் கேட்டேன். பணம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. அதை மகன் எடுத்துக்கொள்கிறான். மகன்மேல் புகார் எழுத வேண்டாம், தெருவுக்கும் தெரிய வேண்டாம் என்றார். சொல்லி அழ ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவே. அழுது முடித்தபின், புத்தகத்தை இனித் தன் மகள் வீட்டில் வைத்துக்கொள்வதாக அவரே முடிவு செய்துகொண்டு எழுந்தார். நான் எழுதியது ஒரு வரியும் இல்லை.

அதன் பின்னரே நூலகத்தில் ரோஜர்ஸைப் பற்றிப் படித்தேன். அந்த ராச்செஸ்டர் தாய் கதவருகே திரும்பி நின்ற இடத்தில், எங்கள் தெரு மூதாட்டி எனக்குத் தெரிந்தார். படித்தவன் என்ற பெயர் நம் வாயைத் திறந்துவிடுவது எளிது. அது நம் செவியையும் திறக்குமாயின், நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு அதுவே நாம் செய்யும் கைம்மாறு.