கூலி வாங்காத ஊழியர் அருளப்பன்



அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் 1906-ல் அமெரிக்காவின் அசுசா தெருவிலேதான் ஆரம்பித்தது என்று அநேகர் நினைக்கிறார்கள். அதற்கு 46 வருஷத்துக்கு முன்னமே, நம்ம திண்டுக்கல்லுக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்னத் தமிழ்க் கிராமத்தில் தேவன் தம்முடைய ஆவியை ஊற்றினார். ஊர் கிறிஸ்தியான்பேட்டை. அங்கே அவர் எடுத்துப் பயன்படுத்திய பாத்திரம் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன்.

1810-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அருளப்பன், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தார். ரேனியஸ் ஜெர்மானியர். ஆனாலும் பாமர ஜனங்களுக்கு விளங்கவேண்டும் என்கிற பாரத்தோடு புதிய ஏற்பாட்டை நல்ல தமிழில் திருத்தி வெளியிட்டவர். பிறகு அருளப்பன், அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கில ஊழியருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஒருவர் பேசுவதை மற்றவருக்குப் புரியவைக்கிற வேலை! கர்த்தர் அவரைப் பழக்கின விதத்தைப் பாருங்கள்.

குரோவ்ஸ் மாதச் சம்பளம் தர விரும்பினார். அருளப்பன் வேண்டாம் என்றுவிட்டார். கூலிக்காகத்தான் இவன் பிரசங்கிக்கிறான் என்று ஜனங்கள் சொல்லுவார்கள், சுவிசேஷம் அவர்கள் காதில் ஏறாது என்பதே காரணம். வார்த்தை தெளிவாயிருந்தால் மட்டும் போதாது, சொல்லுகிறவனுடைய ஜீவியமும் தெளிவாயிருக்கவேண்டும் என்று அவர் அறிந்திருந்தார். 1840-ல் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கி, தேவனையே நம்பி ஊழியம் செய்தார்.

அயர்லாந்து முதலிய தேசங்களில் 1859-ல் நடந்த எழுப்புதலின் செய்தி அவருக்கு எட்டியது. இங்கேயும் வேண்டும் ஆண்டவரே என்று ஜெபித்தார்கள். 1860 மே மாதத் தொடக்கத்தில் அக்கினி இறங்கியது! ஜனங்கள் நடுங்கி விழுந்தார்கள், மார்பில் அடித்துக்கொண்டு பாவத்துக்காகக் கதறினார்கள். சிலர் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அடுத்த மாதம் சிலர் அந்நியபாஷைகளில் தேவனைத் துதித்தார்கள். வியாக்கியானமும் கூடவே வந்தது. ஆகஸ்டில் அவருடைய மகனும் மகளும் வேறு மூன்று பேரும் உறவினர் இருந்த கிராமங்களுக்குப் போனார்கள். அங்கேயும் அதே வரங்கள், அதே வியாக்கியானம். மிஷனெரிமாரில் சிலர் இதைச் சந்தேகித்தார்கள். ஆனாலும் எழுப்புதல் ஊர் ஊராய்ப் பரவியது.

பிரியமானவர்களே, அன்றைக்கு இறங்கினது வெறும் சத்தமல்ல. கேட்டவனுக்கு அர்த்தம் விளங்கினது, இருதயம் உடைந்தது. சபையிலே விளங்காத பதினாயிரம் வார்த்தைகளைவிட விளங்குகிற ஐந்து வார்த்தை மேல் என்று பவுல் எழுதினதும் இதைத்தானே (1 கொரி. 14:19). அதே பவுல்தான் அந்நியபாஷையைத் தடைபண்ணவேண்டாம் என்றும் சொல்லுகிறார் (14:39). ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாமா? கூடாது!

1867-ல் அருளப்பன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.  அவருடைய நாட்குறிப்புகள் இன்றைக்கும் சாட்சி சொல்லுகின்றன.

இந்த ஞாயிறு ஆராதனைக்கு முதல்முறையாக ஒரு ஆத்துமா வந்து கடைசிப் பெஞ்சில் உட்காரலாம். அந்த ஆத்துமாவுக்கு என்ன விளங்கும்? பாஷை பேசுகிறவர்களே, அர்த்தம் சொல்லும் வரத்தையும் கேளுங்கள். பிரசங்கிக்கிறவர்களே, படிக்காத ஒரு பாட்டிக்கும் புரியும்படி பேசுங்கள். மலையடிவாரத்தில் ஊற்றினவர் நம்ம திண்டுக்கல்லிலும் ஊற்றுவாராக. ஆமென்!