முதல் சாட்பாட்டை உருவாக்கியவரே அதைக் கண்டு பயந்தது ஏன்? யார் இந்த ஜோசப் வைசன்பாம்?

வாட்ஸ்அப்பில் வங்கிக்கு ஒரு ஹாய் போட்டால் மறுநொடியே பதில் வருகிறது. அந்தப் பக்கம் ஆள் கிடையாது, சாட்பாட்தான். இப்படிப்பட்ட பாட்களில் பல, நாள் முழுக்க ஓடுவதுகூட இல்லை. நம் மெசேஜ் வந்ததும் வெப்ஹூக் என்ற தானியங்கி அழைப்பு போய், கிளவுடில் தூங்கும் சின்ன புரோகிராமை எழுப்பும். பதில் சொன்னதும் அது மறுபடி தூங்கிவிடும். ஓடிய நேரத்துக்கு மட்டும்தான் கட்டணம். இதன் பெயர் சர்வர்லெஸ். பெயர்தான் அப்படி, சர்வர் எங்கோ இருக்கத்தான் செய்கிறது!

ஒரே பெரிய கம்ப்யூட்டரின் நேரத்தைப் பலர் பங்கு போடும் வழக்கம் 1960களிலேயே அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தது. அந்த ஐபிஎம் 7094 கம்ப்யூட்டரில்தான் எலிசா பிறந்தது. உருவாக்கியவர் வைசன்பாம்.

1923ல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜி ஆட்சியில் இருந்து தப்பி 1936ல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். கணிதம் படித்தார், 1963ல் எம்ஐடிக்கு வந்தார்.

எலிசாவுக்கு எதுவும் புரியாது. டைப் செய்ததில் அம்மா என்ற சொல் இருந்தால், குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லச் சொல்லும். அவ்வளவுதான் வித்தை. மனநல மருத்துவர் பேசுவது மாதிரி அமைத்திருந்தார்.

ஆனால் நடந்தது வேறு. அது வெறும் புரோகிராம் என்று நன்றாகத் தெரிந்த அவருடைய செயலாளரே, எலிசாவிடம் கொஞ்ச நேரம் பேசிய பிறகு, அறையை விட்டு வெளியே போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். தனியாகப் பேசணுமாம்! உரையாடல்களைச் சேமித்துப் பார்க்கலாமா என்று வைசன்பாம் யோசித்தபோது, அந்தரங்கத்தை வேவு பார்ப்பதாக எதிர்ப்பு கிளம்பியது. இன்றும் பாட்டிடம் நாம் சொல்வது யாரோ ஒருவரின் சர்வர் வழியாகத்தான் போகிறது.

இப்படிப்பட்ட புரோகிராம்களை நிஜ சிகிச்சைக்கே பயன்படுத்தலாம் என்று சில மருத்துவர்கள் சொன்னதும் ஆள் அதிர்ந்துபோனார். இரக்கம் தேவைப்படும் முடிவுகளைக் கம்ப்யூட்டரிடம் விடக்கூடாது என்று 1976ல் புத்தகமே எழுதினார். துறையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கடைசிவரை அவர் மாறவில்லை.

1996ல் பெர்லின் திரும்பியவர், 2008 மார்ச் 5 அன்று 85 வயதில் காலமானார். எம்ஐடி காப்பகத்தில் கிடைத்த பழைய காகிதப் பிரதியை வைத்து, 2024 டிசம்பரில் எலிசாவை மறுபடி ஓட வைத்தார்கள். அது மீண்டும் பேசியது.