நம் வானத்தை அளந்தவர்

முத்துக்குளித்துறை மக்களுக்குக் காற்றின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூத்துக்குடிக் கடலில் கல்லின் துணையோடு மூழ்கிய நம் முன்னோர், ஒரே மூச்சை நம்பித்தான் கடலடியில் சிப்பி பொறுக்கினார்கள். அந்த மூச்சில் 78 விழுக்காடு நைட்ரஜன். உயிர் காக்கும் ஆக்சிஜனோ 21 விழுக்காடு மட்டுமே. எஞ்சியதில் பெரும்பகுதி ஆர்கான். கார்பன் டை ஆக்சைடு 0.04 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆனாலும் கடலுக்குப் போகும் ஒவ்வொரு குடும்பமும் இன்றும் காற்றின் போக்கைப் பார்த்தே வாழ்கிறது. நம் தலைக்கு மேலுள்ள இந்தக் காற்றுக்கடலை அளந்து சொன்ன ஒருவரை இன்று நினைத்துப் பார்ப்போம்.

அவர் பெயர் கே. ஆர். இராமநாதன். 1893 பிப்ரவரி 28-ஆம் நாள் பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, திருவனந்தபுரத்தில் கல்லூரிப் பணியில் சேர்ந்தார். 1921-இல் கொல்கத்தா சென்று சர் சி. வி. இராமனிடம் ஆய்வு செய்தார். தண்ணீர் போன்ற திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதே அவருடைய ஆய்வு. 1923-இல், சிதறிய ஒளியோடு நிறம் மாறிய மிக மெல்லிய ஒளி ஒன்றும் சேர்ந்து வருவதை அவர் கண்டார். திரவத்தை எத்தனை முறை தூய்மைப்படுத்தினாலும் அது மறையவில்லை. ஏதோ மாசு இன்னும் தங்கியிருக்கிறது என்றே அப்போது கருதப்பட்டது. 1928 பிப்ரவரி 28 அன்று அந்த ஒளியின் உண்மைப் பொருளை இராமன் கண்டறிந்தார். 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இராமன் கண்டறிந்த அந்த பிப்ரவரி 28 இராமநாதனின் பிறந்த நாளாக அமைந்தது தற்செயலே.

இதற்குள் இராமநாதன் வேறு பாதையில் நடந்துகொண்டிருந்தார். 1925-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அந்நாளில் மேல்வானத்தை அறிய, சிறு கருவி கட்டிய பலூன்களைப் பறக்கவிடுவார்கள். உயரே சென்று பலூன் வெடிக்கும். கருவி எங்கோ ஒரு வயலிலோ காட்டிலோ விழும். கண்டெடுத்தவர் திருப்பித் தந்தால்தான் அதிலுள்ள பதிவு கிடைக்கும். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்த பதிவுகளை அவர் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

வளிமண்டலத்தின் முதல் அடுக்கைக் கீழடுக்கு என்கிறோம். மேகமும் மழையும் புயலும் இதற்குள்தான். மேலே போகப் போகக் குளிர் கூடும். ஓர் எல்லையில் அது நிற்கும். துருவங்களின் அருகே அந்த எல்லை ஏறத்தாழ 8 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. நிலநடுக்கோட்டுப் பகுதியிலோ 16, 17 கிலோமீட்டர் வரை உயர்கிறது. அங்கே குளிர் மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். துருவத்து எல்லையில்கூட அவ்வளவு குளிர் வழக்கமாக இருப்பதில்லை. வெயில் சுடும் நம் மண்ணுக்கு நேர் மேலேதான் அத்தனை குளிர்! இந்த வேறுபாட்டை முழுப் படமாக வரைந்து, 1929-இல் 'நேச்சர்' இதழில் இராமநாதன் வெளியிட்டார். ஐரோப்பிய வானத்தை வைத்து நம் வானத்தைக் கணிக்க முடியாது என்பது அதனால் தெளிவாயிற்று.

நமக்கு இது ஏட்டுக்கல்வி மட்டுமல்ல. எல்லை உயரமாக இருப்பதால் நம் இடிமேகங்களும் மிக உயரமாக வளர முடிகிறது. 2017-இல் ஒக்கி புயல் எத்தனை மீனவக் குடும்பங்களைக் கலங்க வைத்தது! 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் நாம் மறக்கவில்லை. மேல்வானத்தை நாள்தோறும் அளந்தால்தான் கரைக்கு எச்சரிக்கை தர முடியும்.

கீழடுக்குக்கு மேலே, சுமார் 50 கிலோமீட்டர் வரை மீள் அடுக்கு. ஓசோன் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. அது புற ஊதாக் கதிர்களை ஈர்ப்பதால் இந்த அடுக்கில் மேலே செல்லச் செல்ல வெப்பம் கூடுகிறது. அதற்கும் மேலே இடையடுக்கு, வெப்ப அடுக்கு, வெளியடுக்கு என்று காற்று மெலிந்துகொண்டே போகிறது. இராமநாதன் பல ஆண்டுகள் ஓசோனை ஆராய்ந்து, சர்வதேச ஓசோன் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். ஓசோன் மிகுதியாக உருவாவது வெப்பமண்டல வானில். ஆனால் மேல்காற்று அதைத் துருவங்களை நோக்கிக் கொண்டு செல்வதால், நம் தலைக்கு மேல் மிஞ்சுவது குறைவே. நம் வானில் விளைவது பிறர் தலைக்கும் குடையாகிறது.

1948 முதல் 1966 வரை அவர் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். விக்ரம் சாராபாய் நிறுவிய அந்த ஆய்வகத்தில்தான் இந்திய விண்வெளி ஆய்வு வேரூன்றியது. மேல்வானத்தை ஆராயத் திருவனந்தபுரம் அருகே தும்பா கடற்கரை தேவைப்பட்டபோது, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவின் சொல்லை ஏற்று, மீனவ மக்கள் தங்கள் புனித மகதலா மரியா ஆலயத்தையே கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அது வானில் தூவிய சோடியம் ஆவியைக் கொண்டு மேல்காற்றின் ஓட்டம் அளக்கப்பட்டது.

இராமநாதன் 1976-இல் பத்ம விபூஷண் பெற்றார். 1984 டிசம்பர் 31 அன்று மறைந்தார். நம் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2024 பிப்ரவரி 28 அன்று. மீண்டும் அதே நாள்!

தும்பா மக்கள் ஆலயத்தைக் கொடுத்தார்கள். இராமநாதன் கைநழுவிய புகழை எண்ணி நின்றுவிடாமல், யாரும் சரியாகப் பாராத நம் வானத்துக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தார். இடத்தையும் உழைப்பையும் கொடுக்கும் கடற்கரைக்கு, அந்த அறிவின் பயன் முதலில் வந்து சேர வேண்டும். படகு கிளம்பும் முன்பே எச்சரிக்கை கரையை எட்டுகிறதா? இதை நாம் ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் கேட்டுக்கொள்வோம்.